வந்துள்ளது

பல்கலைக்கழகத்துக்கென்று உடனடிச் செய்திச் சேவை ஒன்று வரப்போகிறது என்று முடிவானதிலிருந்து பதிவாளருக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் கோப்பு மேசை மேசையாக ஊர்ந்து போக வேண்டாம். துணைவேந்தர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் ஒரே செயலிக்குள் இருப்பார்கள், குழாய் ஒழுகினாலும் தேர்வு தள்ளிப்போனாலும் நொடியில் சேதி பறக்கும் என்று எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னார். பெயர் வைக்க மட்டும் கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். தமிழ்த்துறையிலிருந்து வந்த பெயர்கள் எதையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. கடைசியில் பசி வந்ததும் 'சேதி' என்று வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

வேலை செய்தது என்னவோ ஒரே ஒருத்திதான். கணினி மையத்தின் தலைவியைப் பெரிய மேடம் என்பார்கள். அவர் நீண்ட விடுப்பில் இருந்தார். அவருக்குக் கீழே ஒப்பந்தத்தில் இருந்த இவளைச் சின்ன மேடம் என்பார்கள். சேதியைக் கட்டி நிறுத்தியவள் இவள். செயலி பேசுகிற தமிழையும் இவளே எழுதினாள். ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் கோப்பு பதிவாளர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. "சேதி நல்லபடியா மேடை ஏறட்டும், கையெழுத்தும் தானா ஏறிடும்" என்று அவரே வாய் நிறையச் சொல்லியிருந்தார். சின்ன மேடத்துக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். கணவன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. மாமியார் அதே பல்கலைக்கழகத்தில் மாடிப்படியும் வராந்தாவும் துடைக்கிற வேலையில் இருந்தாள், முழங்கால் போய்க்கொண்டிருந்தது. கையெழுத்து விழுந்ததும் மாமியாரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று சின்ன மேடம் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். மாமியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.

வெள்ளோட்டம் விட்ட வாரத்திலேயே புகார் வந்துவிட்டது.

சேதிக்குள் யார் நுழைந்தாலும் மற்றவர்கள் திரையின் மேலே ஒரு பட்டை தோன்றும். 'நூலகர் வந்துள்ளார்', 'தேர்வு அலுவலர் வந்துள்ளார்' என்று வரும். வரலாற்றுத் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் காலையில் செயலியைத் திறந்தபோது 'துணைவேந்தர் வந்துள்ளார்' என்று வந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், 'துப்புரவுப் பணியாளர் வந்துள்ளார்'. அவ்வளவுதான், மனிதருக்குப் பொறுக்கவில்லை. மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டார். அதைச் சேதியிலேயே அனுப்பியிருக்கலாம். தாளில் எழுதி, உறையில் போட்டு, ஆள் விட்டு அனுப்பினார்.

பதிவாளர் சின்ன மேடத்தை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். உட்காரச் சொன்னார்.

"எல்லாருக்கும் 'ஆர்' போட்டிருக்கீங்களே, வேற வழியே இல்லையா?"

"மனுஷங்களுக்கு அதானே சார் மரியாதை? 'வந்துள்ளான்', 'வந்துள்ளாள்'னு போட முடியுமா?"

"சேச்சே! அதெல்லாம் கூடாது. யாரையும் குறைச்சுப் பேசற நிர்வாகம் இல்ல இது." பதிவாளர் கையை வீசினார். "குழுவுல உட்கார்ந்து யோசிச்சோம். கடைநிலைப் பணியாளர்களுக்கு ஆளைக் காட்ட வேண்டாம், பிரிவைக் காட்டுங்க. 'துப்புரவு வந்துள்ளது', 'காவல் வந்துள்ளது', 'குழாய் வேலை வந்துள்ளது'. இலக்கணமும் சரியா இருக்கு, யார் மனசும் நோகாது."

எவ்வளவு அழகாகப் பூசி மெழுகியிருக்கிறார்கள் பாருங்கள். ஆளைத் திட்டவில்லை, ஆளையே எடுத்துவிட்டார்கள். சின்ன மேடத்துக்குக் காது சுட்டது.

"பேராசிரியருங்களுக்கும் பிரிவைப் போட்டுடலாமா சார்? 'வரலாறு வந்துள்ளது'னு?"

"என்னம்மா இது! வரலாறு எப்படி வரும்?" என்று பதிவாளர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டு மனிதரைப் போலப் பேசினார். "இதுல ஒண்ணும் அவமரியாதை இல்ல. வீட்டுல நாம பேசறதில்லையா? என் மனைவியையே 'அது கோயிலுக்குப் போயிருக்கு, இப்ப வந்துடும்'னுதான் சொல்லுவேன். பாசத்துல சொல்றதுதானே?"

"அப்போ பாசத்துல துணைவேந்தருக்கும் அதையே போட்டுடலாம் சார்."

பதிவாளர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தொடக்க விழாவுக்குள் மாற்றிவிடச் சொன்னார். நிரந்தரமாக்கும் கோப்பின் மேல் விரலால் இரண்டு தட்டும் தட்டினார். அதன் அர்த்தம் சின்ன மேடத்துக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் விஷயத்தைச் சொன்னதும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவ்வளவுதானா? நான் ஏதோ வேலையை விட்டுத் தூக்கறாங்களோன்னு பயந்தே போயிட்டேன். 'வந்துள்ளது'ன்னா வந்துட்டுப் போகட்டும். அதைப் படிக்க நான் என்ன கண்ணாடியைப் போட்டுக்கிட்டா நிக்கப்போறேன்?"

"அத்தை, உங்களை அதுங்கறாங்க."

"நான் உன்னைச் சொல்றதில்லையா? நேத்துகூடப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட 'அது இன்னும் தூங்குது'ன்னுதான் சொன்னேன். நீ என்ன தேய்ஞ்சா போயிட்டே?"

"நீங்க சொன்னா அது என்மேல இருக்கற உரிமை. அதையே அவங்க எழுதி, சுவரளவு திரையில போட்டு, அத்தனை பேர் முன்னாடியும் காட்டினா?"

மாமியார் தைலப் புட்டியை மூடினாள். அவளுக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. "இத பாரு, கையெழுத்து விழற நேரத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. இத்தனை வருஷமா அங்க என்னை என்னென்னவோ கூப்பிட்டிருக்காங்க. அதையெல்லாம் துடைச்சுப் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வரேன். எனக்காக நீ கொடி பிடிக்காதே, நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கு இரண்டு முறை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. சின்ன மேடம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம், மாமியார்மேலும் கொஞ்சம் இருந்தது.

மறுநாள் பதிவாளர் சொன்னபடியே மாற்றினாள். ஒரு பட்டியலுக்கு 'வந்துள்ளார்', இன்னொரு பட்டியலுக்கு 'வந்துள்ளது'. பதிவாளர் தன் கைபேசியில் 'துப்புரவு வந்துள்ளது' என்று வருவதைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். அவளுக்குத் தேநீர்கூட வரவழைத்துக் கொடுத்தார். சின்ன மேடம் குடித்தாள்.

விழா அன்று காலையில், அரங்கத்தில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், திரைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவள் அந்த இரண்டு பட்டியலையும் அழித்தாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரி எழுதினாள்.

அரங்கம் நிரம்பியது. முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் அலுவலர்கள், கடைசியில் சுவரை ஒட்டிச் சீருடைக்காரர்கள் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் அவர்கள் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவுமில்லை. மாமியாரும் அங்கேதான் இருந்தாள். பதிவாளர் பேசினார், நிறையப் பேசினார். பிறகு துணைவேந்தர் தன் கைபேசியை எடுத்து, எல்லாரும் பார்க்க, சேதியைத் திறந்தார்.

திரையில் ஆள் உயர எழுத்தில் பட்டை வந்தது.

'துணைவேந்தர் வந்துள்ளது.'

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியிலேயே நின்றன. அடுத்த பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 'பதிவாளர் வந்துள்ளது.' 'மூத்த பேராசிரியர் வந்துள்ளது.' 'துப்புரவுப் பணியாளர் வந்துள்ளது.' கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது நடுவரிசைக்குத் தாவியது. முன்வரிசையிலும் சிலர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூத்த பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

பதிவாளர் மேசைப் பக்கம் ஓடிவந்து குனிந்தார். முகம் வேர்த்திருந்தது. "கைத்தவறுன்னு சொல்லிடுங்க. உடனே சொல்லிடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன். கோப்புல இன்னைக்கே கையெழுத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, ஒலிவாங்கியை அவள் கையில் திணித்தார்.

எவ்வளவு சுலபமான சொல்! கைத்தவறு. சொன்னால் எல்லாரும் சிரித்து மறந்துவிடுவார்கள். மாதக் கடைசி என்ற பயம் போய்விடும். மாமியார் முழங்காலுக்கு ஓய்வு கிடைத்துவிடும். சின்ன மேடம் அந்தச் சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்தாள். அப்போது கடைசி வரிசையைப் பார்த்தாள். மாமியார், கொடி பிடிக்க வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கைத்தவறு இல்ல சார்" என்றாள். ஒலிபெருக்கி அவள் குரலை அரங்கம் முழுக்க வீசியது. "நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். துப்புரவுக்கும் காவலுக்கும் 'வந்துள்ளது' போடச் சொன்னாங்க, அதுல அவமரியாதை இல்லன்னு சொன்னாங்க. அவமரியாதை இல்லாத சொல் எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

துணைவேந்தர் சாமர்த்தியசாலி. திரையைப் பார்த்தார், சிரிக்கிற அரங்கத்தைப் பார்த்தார். "இதை மாத்த முடியுமாம்மா?"

"முடியும் சார். இப்ப எல்லாருக்கும் ஒரே வரிதான் இருக்கு. மாத்தினா எல்லாருக்கும் சேர்த்துத்தான் மாறும்."

"எனக்கு மட்டும் தனியா?"

"அதை நான் எழுத மாட்டேன் சார்."

அரங்கத்தில் அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன்னை மட்டும் மனிதனாக்கு என்று எந்தத் துணைவேந்தர் கேட்பார்? "சரி, எல்லாருக்குமே மரியாதையா போட்டுடும்மா" என்று, ஏதோ அதற்காகவே வந்தவர்போலப் பெருந்தன்மையாகச் சொன்னார். சின்ன மேடம் ஒரு வரியைத் திருத்தினாள். திரையில் எல்லாரும் 'வந்துள்ளார்' ஆனார்கள். கடைசி வரிசை கைதட்டியது. வேறு வழியில்லாமல் முன்வரிசையும் தட்டியது.

விழா முடிந்ததும் பதிவாளர் அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"உன் மாமியாருக்காகத்தானே இவ்வளவும் பண்ணினே?"

"ஆமா சார். அவங்களுக்காகவும்தான். அதுல என்ன தப்பு?"

"மாசக் கடைசியோட நீ போகலாம்."

"அந்த வரியை மட்டும் மறுபடி மாத்திடாதீங்க சார். துணைவேந்தர் உத்தரவு, அரங்கமே கேட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அழுகை வந்தது. ஆனால் அந்த அறைக்குள் வரவில்லை என்பதில் அவளுக்குப் பெருமைதான்.

படிக்கட்டில் மாமியார் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது. மருமகளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சு உனக்கு? நான் தலையை ஆட்டினேனே, கண்ணு தெரியலையா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இனிமே வாடகைக்கு என்ன செய்யப்போறே? எனக்கு மரியாதை வேணும்னு உங்கிட்ட வந்து அழுதேனா?"

இனிமேல் மாமியார் இந்த வேலையை விட முடியாது. நல்லது செய்யப் போய் அந்த முழங்காலை இன்னும் சில வருடத்துக்கு இதே படிக்கட்டில் கட்டிப்போட்டுவிட்டோமே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே வலித்தது. "மன்னிச்சிடுங்க அத்தை" என்று வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தளத்திலிருந்து மேற்பார்வையாளர் கத்தினார். தினமும் கத்துகிற அதே குரல்தான். "மேல யாரு? படி துடைக்கிறது வந்துச்சா இல்லையா?"

மாமியார் வாயைத் திறந்தாள், மூடினாள். மாப்புக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கைப்பிடிக்கு வெளியே எட்டிப்பார்த்தாள். கட்டடம் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"வந்திருக்காரு! துடைச்சுக்கிட்டு இருக்காரு! முடிச்சிட்டு அவரா இறங்கி வருவாரு, அதுவரைக்கும் கீழயே நில்லுங்க!"