சேறு பூசிய வண்டி

தெருவில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவர் அல்ல, மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை. வலது கை நடுங்கத் தொடங்கியபோது முதலில் வெளிச்சம் போதவில்லை என்றார், பிறகு நாற்காலி சரியில்லை என்றார். ஒரு கடைவாய்ப்பல் அவர் கையிலேயே இரண்டாக உடைந்த அன்று முதலாளி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். பல்லுக்காரர் ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நோயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. "இன்னைக்குக் கை எப்படி இருக்கு?" என்பதோடு சரி.

அலமாரிக்கு மேலே பிரிக்காத பெட்டி ஒன்று வெகுநாளாகக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையின் பொறியாளர்கள் ஓட்டிய கவச வண்டியின் பொம்மை வடிவம், துண்டு துண்டாக. இரு பக்கமும் ஒவ்வொரு பாலப் பலகையைச் சுமந்து போகும் வண்டி அது. பள்ளம் வந்தால் பலகைகளை இறக்கிப் போடுவார்கள். பின்னால் வரும் வண்டிகள் அதன்மேல் ஏறிப் போகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் செய்யலாம் என்று வாங்கி வைத்திருந்தார். அதை இப்போது இறக்கினார்.

மனைவி பெட்டியின் படத்தைப் பார்த்தாள். "இது லாரியா, டாங்கியா?"

"முன்னால லாரிச் சக்கரம், பின்னால டாங்கிச் சங்கிலி."

"உங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க. வரும்போது ஒரு முகம், போகும்போது ஒரு முகம்."

வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனதும் அவர் மேசைக்கு வருவார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு கொஞ்ச நேரம் கை சொன்னபடி கேட்கும். அந்த நேரத்துக்குள் ஒரு துண்டு. துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறைச் சுரண்டி, பசை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். சில நாள் ஒரு சக்கரம் உட்காரும். சில நாள் துண்டு துள்ளி விழுந்து, மேசைக்கடியில் முட்டிபோட்டுத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். பசை வழிந்து கறையாகும். ஒரு சக்கரம் கோணலாக ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியும். போகட்டும், இது யார் வாயிலும் உறுத்தப் போவதில்லை என்று விட்டுவிட்டார். வண்டி மெல்ல மெல்ல எழுந்து நின்றது. பக்கத்துப் பாலங்களும் வர்ணமும்தான் பாக்கி.

விடுமுறை நாட்களில் மனைவி சமையலறையிலிருந்து பார்ப்பாள். பசை ஊற்றி வைத்த பீங்கான் தட்டில், அவருடைய நடுங்கும் கையிலிருக்கும் இடுக்கி டக் டக் என்று தட்டும். அவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

தம்பிக்கும் இதே பைத்தியம் உண்டு. கைதேர்ந்தவன், பொம்மை வண்டிப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. ஒருநாள் வந்து வண்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். "ம்," என்றான். வண்டியை மேசையில் வைத்துவிட்டான்.

மாத்திரை அளவைச் சரிபார்க்க என்று மருத்துவமனையில் சில நாள் படுக்க வைத்தார்கள். திரும்பி வந்த அன்று வீட்டில் தம்பி காத்திருந்தான். மேசைமேல் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"கண்ணை மூடுங்க," என்றாள் மனைவி. பிறகு துணியை இழுத்தாள்.

வண்டி முடிந்திருந்தது. இரு பக்கமும் பாலங்கள், சாம்பல் வர்ணம், சங்கிலியெல்லாம் துரு, மேலெல்லாம் காய்ந்த சேறு. சட்டென்று பார்த்தால் நிஜ வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலவே இருந்தது. தம்பி பூரித்துப்போய் விளக்கினான்.

"ஒரு சக்கரம் கோணலா இருந்துச்சுண்ணே, பிச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டினேன். பசைக் கறை அங்கங்க இருந்துச்சு. சேறு பூசினதுல ஒண்ணும் தெரியலை, பாரு."

பல்லுக்காரர் உற்றுப் பார்த்தார். நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா இருக்கு," என்றார்.

"அவ்வளவுதானா? மூணு ராத்திரி உக்காந்திருக்கேன்."

"உன்னை யாரு உக்காரச் சொன்னது?"

தம்பியின் முகம் சுருங்கியது. "அண்ணிதான் எடுத்துக் குடுத்தாங்க. நீ முடிக்காம விட்டுட்டா மனசு உடைஞ்சுபோவேன்னு. உண்மையைச் சொல்லு, நீ முடிச்சிருப்பியா?"

"முடிக்கணும்னு எனக்கு என்ன அவசரம்? நாளைக்கு என்ன செய்யறதுன்னு எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. அதைத்தான் முடிச்சுட்டே."

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போய், "நல்லது செய்ய வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று செருப்பை மாட்டினான். அதன்பிறகு அவன் வருவது குறைந்தது. வந்தாலும் வெயில், மழை பற்றித்தான் பேச்சு.

கதவு சாத்தியதும் மனைவி அழுதாள். "அந்த டக் டக் சத்தம். என்னால கேக்க முடியலைங்க. ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சுலதான் விழுந்துச்சு. அது நின்னா போதும்னு இருந்துச்சு."

"எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை," என்றார். "நான் வேலையில இருந்தேன்."



எங்கெங்கோ விசாரித்து, அதே வண்டியின் புதுப் பெட்டி ஒன்றை அவள் வரவழைத்தாள். அது வந்து சேர்வதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. அவர் பெட்டியைப் பிரித்து இடுக்கியை எடுத்தார். விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளவே மறுத்தன. மறுநாளும் பார்த்தார். அதற்கடுத்த நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வெகுநேரம் காத்திருந்து பார்த்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எது எங்கேன்னு நீங்க சொல்லுங்க. நான் ஒட்டறேன்."

"உனக்கு இது பிடிக்குமா?"

யோசித்துவிட்டு, "பிடிக்காது," என்றாள்.

"அப்புறம் விடு."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அவள் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஒன்று குறுக்கே நின்று மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.