கிட்டே போக முடியாத கேமரா

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் பத்து வருஷமாகக் கல்யாணங்களை டிஜிட்டலில் எடுத்துத் தள்ளிய நினிங்குக்குப் பூச்சு முகங்கள் சலித்துவிட்டன. பெரிய ஃபிலிம் போடும் கேமரா ஒன்று வாங்கி, நிதானமாக முகங்களை எடுக்க ஆசைப்பட்டாள். முதல் படம் அம்மாவுடையதாக இருக்கவேண்டும். கையில் இருந்ததோ ஒரு சுமாரான கைப்பேசி வாங்கும் காசு.

கேமராக் கடைக்காரர் லியோங் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் பெட்டி. இலேசானது, விலையும் குறைவு. மற்றது செங்கல் கனம், ஒரு பக்கம் தோல் உரிந்தது. ஆனால் அதன் துருத்தியை நீட்டினால் முகத்துக்கு வெகு அருகில் போகலாம்.

"மொகம்தான் வேணும்னா இத எடு நெங். அந்தப் பொட்டியோட ஒரு மீட்டருக்கு இந்தப் பக்கம் வந்தா கலங்கிடும்." தங்கைபோல் நினைக்கும் பெண்ணை அங்கே 'நெங்' என்பார்கள்.

நினிங்குக்குப் பெரியதுதான் பிடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் தாதானைக் கூட்டி வந்தாள். கல்யாண வேலைகளில் அவளோடு கூட்டாளி. அண்ணன் முறை வைத்து 'காங்' என்பாள். அவன் லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவளை வெளியே அழைத்தான்.

"உள்ள பூஞ்சை புடிச்சிருக்கு. வேணாம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே காங்."

"உனக்கு எங்க தெரியும்? நீ பிரியாணித் தட்டுக்கு ஃபோகஸ் பண்றவ."

சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிப் போனாள். அதில் அம்மாவை எடுத்தால் நாற்காலியும் திரைச்சீலையும்தான் பெரிதாக வந்தன. நெருங்கினால் முகம் கலங்கியது. நாலாம் முறை கூப்பிட்டபோது அம்மா, "போதும்மா, இடுப்பு விட்டுப் போச்சு" என்று எழுந்துவிட்டாள்.

மழைக்காலத்தில் தாதான் கண்காட்சி வைத்தான். வாசலிலேயே நினிங்கின் அம்மா, பொக்கை வாயோடு, சுவர் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே மேஜையில் அந்தக் கனத்த கேமரா இருந்தது, ஒரு பக்கம் தோல் உரிந்த அதே கேமரா.

"பூஞ்சைன்னீங்களே?"

"துடைச்சிட்டேன்" என்றான் தாதான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "உனக்கு அது ஜாஸ்தி நெங். வீணாப் போயிருக்கும்."

மறுநாள் லியோங்கிடம் கேட்டாள். "பூஞ்சையா? சுத்தமான கண்ணாடியாச்சே. நீ பெட்டிய வாங்கிட்டுப் போன அன்னைக்கே சாயங்காலம் உன்கூட வந்தவர் வந்து அத வாங்கிட்டாரே. நீதான் அனுப்பினேன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து, "அவன் எடுத்தத ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னான். நல்ல பையன். அரை நாள் உக்காந்து உங்கப்பாவப் பத்திக் கேட்டான். நீ அந்தப் பொட்டிக்குள்ளயே குனிஞ்சுக்கிட்டிருந்த."

நினிங்குக்கு அவன் பொய்யைவிட இது அதிகமாக எரிந்தது.

கண்காட்சி முடிந்ததும் தாதான் படத்தைச் சட்டம் போட்டு அனுப்பினான். முன்னறையில் மாட்டச் சொன்னாள் அம்மா. ஆணி அடித்தது நினிங்தான். இன்னும் கொஞ்சம் மேலே என்றாள் அம்மா. பிடுங்கி மறுபடி அடித்தாள்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து மலையூரான லெம்பாங்கில் இருவருக்கும் ஒரு கல்யாணம் ஒப்பந்தமாகியிருந்தது. ஒரே காரில் போனார்கள். வழி நெடுக அவன் அடுத்த கண்காட்சியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.