கத்துகிறவர்களின் கால் பங்கு

வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டணத்தைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். வரியைத் தலைவிதியே என்று கட்டிவிடுவார்கள். எனக்குத் தருவதென்றால் மட்டும் சொத்தே போகிற மாதிரி முகம் போகும். அவர்களோடு மல்லுக்கட்டித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். எப்படியும் குறைக்கச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் கால் பங்கு ஏற்றிப் போடுவேன். கத்துகிறவர்களுக்கு அதையே பெரிய மனசு பண்ணிக் குறைப்பேன்.

அன்று நாற்காலிக் கடைக்காரர் வந்தார்.

“என்னம்மா அநியாயம்? கம்ப்யூட்டர்ல நாலு தட்டு தட்டினதுக்கு இவ்வளவா?”

“நாலு தட்டா? ஒரு மூட்டை ரசீதைக் கொண்டுவந்து கொட்டினீங்க. அதுல உங்க வீட்டு ஃபிரிட்ஜ் பில்லும் இருந்துச்சு, கடைச் செலவுன்னு!”

“வீட்ல நல்லா சாப்பிட்டாத்தானே கடைக்குத் தெம்பா வர முடியும்?”

சிரித்துவிட்டேன். நான் சிரித்தால் தோற்றேன் என்று அவருக்குத் தெரியும். குறைத்தேன். ஜெயித்த முகத்தோடு படியிறங்கிப் போனார்.

அடுத்து நர்ஸ் அக்கா. பல வருடமாக வருகிறவர். ரசீதுகளை மாதவாரியாகக் கிளிப் போட்டுக் கொண்டுவருவார். சொன்ன தொகையை மறுபேச்சில்லாமல் வைப்பார். அவருடைய வார்டில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லை நம்பித்தான் என்னிடம் வருகிறார்கள். இவர் போனால் அவர்களும் போவார்கள். அது கிடக்கட்டும், இவர் போனால் எனக்கு மனசு ஆறாது.

முன்னறைக்கும் என் மேசைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. பணத்தை வைத்தவர் எழுந்திருக்கவில்லை.

“அவர் கத்தினதும் குறைச்சீங்களே, அது எதுலேருந்து குறைஞ்சுது?”

இவரிடம் பொய் வரவில்லை. “எல்லாருக்கும் கொஞ்சம் ஏத்திதான் போடுவேன், அக்கா. கேக்கறவங்களுக்குக் குறைப்பேன்.”

“அப்போ கேக்காதவங்க?”

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் அழாத பிள்ளையின் பங்கையும் அல்லவா எடுத்துக்கொண்டிருந்தேன்.

“உழைக்கிறவங்ககிட்ட பேரம் பேசறது மரியாதை இல்லைன்னுதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை,” என்றார். “அந்த மரியாதைக்கும் சேத்து ஃபீஸ் வாங்கிட்டீங்களே.”

அவமானமாக இருந்தது. ஏற்றியதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “இனிமே யாருக்கும் ஏத்தவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், அக்கா.”

பையில் போட்டுக்கொண்டார். அப்போதும் எழவில்லை.

“தப்பு இருந்தா பழைய வருஷத்துக்கும் திருத்தின கணக்கு கொடுக்கலாம்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்போ என் பழைய ஃபீஸுக்கும் போடுங்க.”

கால்குலேட்டரை எடுத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் தட்டுகிற ஒவ்வொரு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.