கேட்டு எழுதிய தாள்

விடிந்தும் விடியாத ஆறு மணிக்கே நர்ஸ் பம்பரத்துக்கு முதுகு நனைந்துவிட்டது. பதினேழாம் கட்டில்காரரைப் புரட்ட ஆயாம்மா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" ஈர விரிப்பை உருவி, காய்ந்ததைச் செருகி, அதே மூச்சில் அடுத்த கட்டிலுக்கு ஓட்டம். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல். முப்பத்து நான்கு கட்டில்கள். நான்கு நர்ஸ்கள் பார்த்த வார்டை ஆட்குறைப்புக்குப் பிறகு இரண்டு பேர் பார்த்தார்கள். நிற்காமல் சுற்றியதில் இவளுக்குப் பம்பரம் என்றே பேர் விழுந்துவிட்டது. இன்னொருவர் மூத்த சிஸ்டர். ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி, இரண்டு முழங்காலிலும் வலி.

மருத்துவமனையில் புதிதாக ஒரு மஞ்சள் தாள் வந்திருந்தது. நோயாளியின் நிலை மோசமானால் அடுத்து என்ன செய்வது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதா, தொண்டையில் குழாய் போடுவதா, அவர் எதற்குச் சம்மதிக்கிறார், எதை வேண்டாம் என்கிறார் என்று முன்கூட்டியே அவரிடம் பேசி எழுதவேண்டிய தாள். நல்ல தாள்தான், பேச ஆளிருந்தால்.

போன வாரம் நிர்வாகி ஒரு மாதிரித் தாளைக் கொடுத்து, "இதைப் பார்த்து எல்லாத்துக்கும் டிக் அடிச்சிடுங்க" என்றார். பம்பரமும் அடித்தாள். ஒன்பதாம் கட்டிலில் இருந்த தையல்காரிக்கும் 'தீவிர சிகிச்சை தேவையில்லை' என்றே விழுந்தது. மறுநாள் மதியம் அந்த அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. டூட்டி டாக்டர் தாளைப் பார்த்தார். ஆக்சிஜன் மட்டும் வைத்தார். ஏதோ தவறு என்று தெரிவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. "யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்று மகள் கேட்டாள். அன்றிலிருந்து பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

மகள் புகார் கொடுத்தாள். பழைய தாள்கள் மாயமாயின. வெற்றுத் தாள்கள் ஒரு கட்டு வந்து இறங்கியது. இன்று காலை எட்டு மணிக்கு நிர்வாகியும் வந்தார்.

"பதினோரு மணிக்கு ஆய்வுக்குழு வருது. ஒரு தாளும் காலியா இருக்கக் கூடாது."

"கேட்டுத்தான் சார் எழுதணும். ஆளுக்கு இருபது நிமிஷமாவது ஆகும்."

"போன வாரம் ஒரு மணி நேரத்துல முடிச்சீங்களே?"

"முடிச்சேன் சார். அதோட ஒரு உசுரும் முடிஞ்சுது."

அவர் முகம் கறுத்தது. "வெளிய இந்த வேலைக்கு நூறு பேர் காத்திருக்காங்கம்மா."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அதுல ரெண்டு பேரை இங்க போடுங்க சார். மேல ஐசியூவுக்குக் கொண்டு போன்னு தாள்ல எழுதிடலாம். தள்ளுறதுக்கு இந்த மாடிக்கே நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

கட்டில்களிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பம்பரம் பேனாவை மேசைமேல் வைத்தாள். "கேக்காம ஒரு எழுத்து எழுதமாட்டேன் சார்."

"நீங்க எழுதுங்க" என்று நிர்வாகி மூத்த சிஸ்டர் பக்கம் திரும்பினார். அஞ்சு மாசம் அஞ்சு மாசம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர், தன் பேனாவையும் அதன் பக்கத்தில் வைத்தார். "எனக்கும் கை வரல சார்."

மேசையோரம் கேஸ் தாள் பார்த்துக்கொண்டிருந்த டூட்டி டாக்டர் தலை நிமிராமலே சொன்னார்: "அன்னிக்கு அந்தத் தாளை நம்பினவன் நான். இனிமே கேட்டு எழுதினதுலதான் என் கையெழுத்து விழும்."

நிர்வாகி செருப்புச் சத்தம் அதிரப் படியிறங்கினார்.

அவர் போனதும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஆயாம்மா தண்ணீரும் கஞ்சியும் பார்த்துக்கொண்டார். மூத்த சிஸ்டர் ஊசி மருந்தை ஏற்றார். டாக்டரும் பம்பரமும் பதினேழாம் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர் வெல்டர், வெல்டிங் புகையில் நுரையீரல் வெந்தவர்.

"மூச்சு ரொம்ப மோசமானா என்ன செய்யணும்னு நீங்க நினைக்கிறீங்கண்ணே?"

"ஊசியை எந்தக் கையில போடன்னுகூட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "ஆக்சிஜன் முகமூடி சரி. தொண்டையில குழாய் வேண்டாம். பொண்டாட்டி பக்கத்துல இருக்கணும். அவ அழுவா, ஆனா தாங்கிக்குவா."

சொன்னது சொன்னபடியே தாளில் ஏறியது.

பதினோரு மணிக்கு ஆறு தாள்கள் நிரம்பியிருந்தன, இருபத்தெட்டு வெறுமை. குழு புரட்டிப் பார்த்தது. "இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். "இது உண்மைங்க. மீதியை எழுத எங்களுக்கு ஆள் வேணும்" என்றாள் பம்பரம். அவர்கள் குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அரை மணியில் இரண்டு நர்ஸ்களுக்கும் நிர்வாகியிடமிருந்து மெமோ வந்தது: இருபத்து நான்கு மணி நேரத்தில் விளக்கம் தரவேண்டும்.

அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் போன் அலறியது. அடுத்த மெமோ என்று நினைத்துத்தான் எடுத்தாள். மூன்றாம் மாடி நர்ஸ்.

"அக்கா, விஷயம் தெரிஞ்சுது. இங்கயும் எல்லாரும் பேனாவை வெச்சிட்டோம். விளக்கத்தை நாளைக்குச் சேர்ந்தே கொடுப்போம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, நோயாளிகிட்ட எப்படிக்கா ஆரம்பிக்கிறது?"

பம்பரம் மெமோவை மடித்து வைத்தாள்.

"முதல்ல உக்காரணும். நின்னுக்கிட்டுக் கேட்டா யாரும் மனசைத் திறக்கமாட்டாங்க."

மறுமுனையில் ஒரு ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி, இன்னொன்று.