ஹாஜ் பயூமியின் நோன்பு அட்டை

முதல் நோன்பன்று மாலை தொலைக்காட்சியில் நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்கு தொடங்கியதும் நஷ்வாவின் கை பேரீச்சம்பழத்துக்குப் போனது. அம்மா அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"எடுடி கைய. இது கெய்ரோக்காரங்களுக்கு. நமக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அலெக்சாந்திரியாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. தொலைக்காட்சி கெய்ரோவில் இருக்கிறது, சூரியனும் அங்கேதான் முதலில் இறங்குகிறது. இங்கே சூப் ஆறிக்கொண்டிருக்கும், நாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கெய்ரோக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம் என்று அம்மா வருஷா வருஷம் சொல்வதை இந்த வருஷமும் சொன்னாள். நஷ்வா சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அவளே வடிவமைத்த நோன்பு அட்டை அதில் ஒட்டியிருந்தது. மக்ரிப் 5:48. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் 5:48.

சிரிப்பு பாதியில் நின்றது. அட்டையில் இருந்தது கெய்ரோ நேரம்.

இருபதாயிரம் அட்டைகள். பயூமி இனிப்பகத்தின் மூன்று கடைகளிலும் குனாஃபா பொட்டலத்துக்கு ஒன்றாகக் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் 'வடிவமைப்பு: நஷ்வா' என்றும் கூடவே அவளுடைய கைபேசி எண்ணும். அந்த ஒரு வரிக்காக அவள் கடை முதலாளி ஹாஜ் பயூமியிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

விளம்பர நிறுவனத்து வேலையை உதறிவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சொந்தத் தொழில் என்றால் அம்மாவின் படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, அவ்வளவுதான். முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு மருந்துக்கடைக்காரருக்கு அவர் அக்கா மகனே கைபேசியில் சின்னம் வரைந்து கொடுத்துவிட்டான். மீன் உணவகத்துக்காரர், "இப்பல்லாம் கேட்டா கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுக்குதாமே" என்று பல்லைக் காட்டினார். நான்கு மாதமாக ஒரு அழைப்பு இல்லை. பழைய முதலாளி சமீஹ் மட்டும் மாதம் தவறாமல் செய்தி அனுப்புவான்: 'உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு.' அக்கறை ஒன்றும் இல்லை, அவள் எப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வந்ததுதான் இந்த நோன்பு அட்டை. இது சரியாக அமைந்தால் பெருநாளைக்கு மூன்று கடைகளின் கஹ்க் பெட்டிகளும் உனக்குத்தான் என்று ஹாஜ் சொல்லியிருந்தார். சர்க்கரைத் தூள் தூவிய அந்தப் பணியாரப் பெட்டி ஊரில் நுழையாத வீடு கிடையாது. அந்த வேலை கிடைத்தால் தொழில் பிழைக்கும். கிடைக்காவிட்டால் கணினியை விற்றுவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். அம்மாவிடமே அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் ஹாஜ் பயூமி இருக்கிறாரே, அவரோடு வேலை செய்வதற்குப் பதில் எருமையோடு நடனம் ஆடலாம். தொலைபேசியை எடுக்கவே மாட்டார். அவள் அச்சடித்து அனுப்பும் தாளில் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு, அதைப் படம் பிடித்து அனுப்புவார். பக்கத்தில் ஒரே சொல்: 'பெருசா.' நேரில் போனாலோ, கடலுக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் பேசுவதுபோல் கத்துவார். நாம் ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் வரும். பதினாறு முறை திருத்தம். குனாஃபா படத்தைப் பெரிதாக்கச் சொன்னது ஒரே முறைதான், கடைப் பெயரை ஒரே முறைதான். மற்றதெல்லாம் நேரத்துக்குத்தான். 'நம்பர் பெருசா. இன்னும் பெருசா.' அழகாக அமைந்திருந்த அட்டை எண்களால் வீங்கிப்போனது.

"இது நோன்பு அட்டையா, கண் டாக்டர் வீட்டுப் பலகையா?" என்று அம்மாவிடம் புலம்பித் தீர்த்தாள்.

பன்னிரண்டாவது திருத்தத்தில் வெறுத்துப்போய் அட்டவணை முழுவதையும் அழித்துவிட்டு, கெய்ரோ செய்தித்தாளிலிருந்து புதிதாக எடுத்து ஒட்டினாள். முதல் முறை கவனமாக வரிக்கு வரி ஐந்து நிமிடம் கூட்டியிருந்தாள். இந்த முறை கூட்டவில்லை. அதற்குப் பிறகு தங்க நிறம் சரியா என்று நான்கு முறை பார்த்தாள், ஹாஜின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். நிமிடத்தை மட்டும் பார்க்கவில்லை. பெருநாள் பெட்டிக்கு என்ன நிறம் போடலாம் என்று மனசு அப்போதே ஓடிப்போயிருந்தது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. யார் அட்டையைப் பார்த்து நோன்பு திறக்கிறார்கள்? தெருவுக்கு இரண்டு பள்ளிவாசல், ஒவ்வொன்றிலும் நான்கு ஒலிபெருக்கி. அட்டை வெறும் அலங்காரம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தூக்கம் மட்டும் வரவில்லை. நான்கு மாதமாக ஊமையாக இருந்த கைபேசி இப்போது அடித்தது. முதல் அழைப்பை ஆவலோடு எடுத்தாள்.

"ஏம்மா, இந்த அட்டை கெய்ரோவுக்கா நமக்கா?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

நஷ்வா அழைப்பைத் துண்டித்தாள். அடுத்த ஐந்து அழைப்புகளை எடுக்கவே இல்லை. ஆறாவது வந்தபோது கைபேசியை அணைத்துவிட்டாள். எந்த மணி அடிக்காதா என்று ஏங்கினாளோ, அதே மணிக்கு இப்போது பயந்தாள்.

நான்காம் நாள் மாலை பெட்டியின் மாதிரியை எடுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போனாள். நோன்பு திறக்க அரை மணி நேரம்கூட இல்லை, கடையில் கூட்டம் நெரித்தது. கல்லாவில் இருந்த ஷஹாத்தா அவளைக் கண்டதும் குரல் கொடுத்தான். கணினி வைத்திருக்கும் யாரும் அவனுக்கு இன்ஜினியர்தான்.

"வாங்க இன்ஜினியரம்மா! எங்களையெல்லாம் கெய்ரோவுக்குக் குடியேத்திட்டீங்களே!"

நஷ்வா குரலைத் தாழ்த்தினாள். "ஹாஜுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட யாரு சொல்றது? தப்பச் சொன்னவனத்தான் முதல்ல திட்டுவாரு. விடுங்க, அட்டையப் பாத்தா யாராவது சாப்பிடுறாங்க? மேல போங்க, தனியாத்தான் இருக்காரு."

மாடியில் ஹாஜுக்கு ஒரு கண்ணாடி அறை. ஜன்னல்கள் இறுக்கிச் சாத்தியிருந்தன. மேசையில் ஒரு கிண்ணம் பேரீச்சம்பழம், ஒரு செம்பு தண்ணீர், பெட்டி அச்சடிக்க அச்சகத்துக்கு எழுதிய கடிதம். அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு மார்க்கரை எடுக்கவில்லை.

"நல்லாருக்கு!" என்று கத்தினார். "பெட்டி உனக்குத்தான். நோன்பு திறந்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். உக்காரு!"

நஷ்வா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் பட்ட பாட்டுக்கு இது போதும். இனி அட்டையைப் பற்றி யார் என்ன சொன்னால் என்ன?

"உங்க பிள்ளைங்க யாரும் வரலையா ஹாஜ்?" என்று உபசாரத்துக்குக் கேட்டாள்.

"ஆமா, பிஸ்தா விலை ஏறிப்போச்சு," என்றார்.

அப்போதுதான் கவனித்தாள். அவர் பார்வை அவள் உதட்டில்தான் இருந்தது. எதிர்ச் சுவரில், அறையின் மறுகோடியில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது அவளுடைய அட்டை. பக்கத்தில் கடிகாரம். அவர் அட்டையைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். எண்களை அவர் ஏன் அத்தனை பெரிதாகக் கேட்டார் என்பது அவளுக்கு உறைத்தது. தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்பதும்.

கடிகாரம் 5:50 காட்டியது. ஹாஜ் ஒரு பழத்தை எடுத்து, உதடு அசைய துஆ ஓதினார். இன்னொன்றை அவளிடம் நீட்டினார். "எடு, நேரமாச்சு."

ஊரில் எந்தப் பாங்கும் ஒலிக்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். மூன்று நாள் முன்கூட்டியே திறந்தவர் நான்காம் நாளும் திறந்துவிட்டுப் போகட்டும். ஐந்து நிமிடம்தானே. கடிதம் கண்ணெதிரே கிடக்கிறது, பேனா மூடியும் திறந்திருக்கிறது. நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இத்தனையும் அவள் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு தன்னை மன்னிக்கவும் இல்லை.

பழம் அவர் வாயருகே போனது.

"வேண்டாம் ஹாஜ்!"

கேட்கவில்லை. இதற்குமேல் கத்தினால் கடையே மேலே ஏறி வந்துவிடும். அவள் பாய்ந்து அவர் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கினாள். கிழவர் அதிர்ந்துபோய்ப் பார்த்தார். மேசையில் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே 5:50ஐச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 5:55 என்று எழுதினாள். பிறகு 'கெய்ரோ' என்றும் எழுதினாள்.

ஹாஜ் மெல்ல எழுந்து வந்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, மேலே இருந்த மூன்று வரிகளுக்கும் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார்.

"மூணு," என்றார். இப்போது அவர் கத்தவில்லை. "எழுபத்தெட்டு வயசுல ஒரு நோன்பு விட்டதில்ல. சர்க்கரை வியாதியோட பிடிக்கிறேன். நேரத்துக்கு முந்தித் திறந்தா அது நோன்பில்ல, மூணையும் திரும்பப் பிடிக்கணும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒரு விரலைக் காட்டினாள். முதல் நாள்.

அவர் தலையாட்டினார். கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் திரும்பப் போய் மேசையருகே உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று நஷ்வாவுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

பாங்கு தொடங்கியது. முதலில் ஒரு பள்ளிவாசல், அடுத்து ஊர் முழுக்க. ஹாஜ் கையில் பழத்தோடு அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் தலையசைத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் சொன்னார்: "அஞ்சு நிமிஷம் கூட்டிக்கோங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு அடிச்சுக் குடு. பொட்டலத்துல வச்சுடுறேன். கீழ உன் பேரு வேண்டாம்."

"சரி ஹாஜ்."

"பெட்டிய வேற ஆள் பாக்கட்டும். ஏன்னு யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன். சொன்னா, எனக்குக் காது கேக்காதுன்னும் சொல்லணும். நீயும் சொல்லாத."

கீழே வந்தபோது ஷஹாத்தா வாய் நிறைய சோற்றோடு கேட்டான்: "என்ன இன்ஜினியரம்மா, பெட்டி உங்களுக்குத்தானே?"

"இல்ல."

"ஏனாம்?"

நஷ்வா அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கிழவர் கைக்குட்டையால் சட்டத்தின் மேலிருந்த சிவப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது போகவில்லை.

"நிறம் பிடிக்கலையாம்," என்றாள்.

"அவரு என்னைக்குத்தான் ஒரே தடவையில சரின்னாரு!" ஷஹாத்தா விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றிரவே சீட்டைச் செய்து அனுப்பினாள். ஒரே வரி. ஐந்து என்ற எண்ணை அவர் கேட்காமலே பெரிதாக வைத்தாள். அடியில் பெயர் வரும் இடத்தை வெறுமையாக விட்டாள். காலையில் சிவப்பு வட்டம் எதுவும் வரவில்லை. அவள் கைபேசியை எடுத்து, சமீஹுக்கு இரண்டே சொல்லில் ஒரு செய்தி எழுதினாள்: 'நாற்காலி இருக்கா?'