புகைக்குக் காவல்

புத்தூரை ஒட்டிய மலை உச்சியில், காட்டுத்தீயைக் கண்காணிக்க முதலில் கட்டியது மரப் பரண். அதைக் கரையான் தின்றது. அடுத்து வந்த கல் அறை இடி விழுந்து பிளந்தது. அதற்குப் பிறகுதான் இரும்புக் கோபுரம். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய அதிகாரி பாதிப் படியிலேயே தலை சுற்றி இறங்கிவிட்டார். மேலே போய் உட்கார்ந்தவன் அண்ணாதுரை. தற்காலிக வேலை என்றார்கள். அந்தத் தற்காலிகத்திலேயே அவன் தலை நரைத்துவிட்டது.

போன கோடையில் எதிர்மலை செல்போன் டவரில் வனத்துறை ஒரு கேமராவை மாட்டியது. புகையைக் கண்டால் அதுவே ரேஞ்சர் சுதீரின் போனுக்குத் தகவல் அனுப்பும். கோடை முடிவதற்குள் யார் முந்திச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். கேமரா முந்தினால் கோபுரத்தைப் பிரித்துவிடுவார்கள், அண்ணாதுரை வீட்டுக்குப் போகவேண்டியதுதான். போட்டி வைத்தால் போதுமா, தீ வேண்டாமா? அந்தக் கோடையில் காட்டில் ஒரு பீடி நெருப்புகூடப் பற்றவில்லை.

கோடை முடியும் தறுவாயில் ஒரு மதியம், அடிவாரப் பாறை மேல் புகை எழுந்தது. அண்ணாதுரை ஒரு கையில் வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டே பைனாகுலரில் பார்த்தான். சருகுக் குவியல். பக்கத்தில் தண்ணீர்க் குடம். மாம்பழ நிறப் புடவை. அவன் மனைவி தாட்சாயணி, கோபுரத்தையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

வாக்கிடாக்கிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். உடனே சொன்னால் வேலை தங்கும். ஆனால் ஆட்கள் ஓடிவருவார்கள், காட்டில் தீ வைத்த வழக்கில் அவள் மாட்டுவாள். காத்திருந்தான். அவள் குடத்தைக் கவிழ்த்து அணைத்துவிட்டு நடையைக் கட்டிய பிறகே பொத்தானை அழுத்தினான்.

“ஏமய்யா, கேமரா அப்பவே சொல்லிடிச்சி. நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?” என்றார் சுதீர்.

“தூங்கிட்டேன் சார்.”

கேமராவுக்குப் புகை தெரிந்தது, புடவை தெரியவில்லை. அந்த மட்டும் புண்ணியம்.

சாயங்காலம் தாட்சாயணி சிரித்த முகத்தோடு எதிரே வந்தாள்.

“இன்னாய்யா, நீதானே மொதல்ல சொன்னே?”

உண்மையைச் சொன்னால், தன்னால்தான் வேலை போயிற்று என்று ஆயுசுக்கும் அழுவாள். அதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

“தூங்கிட்டேன் தாட்சா.”

“உனுக்கோசரம் நெருப்பு வெச்சிட்டு வெய்யில்ல வெந்துக்கினு நின்னேன். நீ தூங்கிக்கினு இருந்தியா?”

கையிலிருந்த சொம்பை விட்டெறிந்தாள்.

கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை ஏன் போயிற்று என்று சொந்தக்காரர்கள் கேட்டால் தாட்சாயணிதான் முந்திக்கொண்டு சொல்கிறாள்: “வேலைல தூங்கிட்டாரு.”

ஆமாம் என்று அண்ணாதுரை தலையாட்டுகிறான்.