இத்தா வீட்டுக் குசினி

தேங்காய் துருவி முடித்து நிமிர்ந்தபோதுதான் முதுகு நனைந்திருப்பது ஜவாஹிறாவுக்குத் தெரிந்தது. வியர்வை என்று நினைத்தாள். விடாமல் கொட்டுகிற அந்த மே மாத மழைக்குள் வியர்வை எங்கிருந்து வரும்? திரும்பிப் பார்த்தாள். குசினியின் பின்சுவரில், அவள் சாய்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, வெடிப்பு ஒன்றிலிருந்து தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். பழைய சாரத் துண்டொன்றை அதன் கீழே போட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் பிழியப் போனாள்.

வேறொருத்தியாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். ஜவாஹிறாவுக்கு இரண்டு மாதமாக எதுவுமே உறைப்பதில்லை. புருஷன் றவூப் பேலியகொடை மீன் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. அவர் உடம்பை மையத்தாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அவள் அழவில்லை, எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. வந்திருந்த பெண்கள் ஆளையாள் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தவள்தான். புருஷன் மவுத்தானவள் தவணை முடியும்வரை வீட்டை விட்டு இறங்கக்கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. அவள் குரல்கூட வெளியே கேட்கக்கூடாது என்பது றவூபின் அக்கா ஸைனம்பு தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. இதெல்லாம் ஜவாஹிறாவுக்குக் கஷ்டமாகவும் இல்லை. கறியில் உப்புக் கூடினால் தெரியவில்லை. மகள் ஹபீலா பெற்ற பச்சைக் குழந்தையை மடியில் போட்டபோது, பாரமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

அந்தப் பின்சுவர் சும்மா சுவரல்ல, ஆற்று பண்ட்டின் வயிறு. களனி கங்கை கொழும்புக்குள் புகுந்துவிடாதபடி வெள்ளைக்காரன் காலத்தில் மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பிய அணை. கிராண்ட்பாஸ் பக்கம் அதன் காலடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை வீடுகள். அதைத் தோட்டம் என்பார்கள். பேருக்கு ஒரு பூச்செடி கிடையாது. ஆளுக்காள் பண்ட்டைக் கடித்துக் கடித்துத்தான் வீட்டைப் பெருப்பித்திருந்தார்கள். ஒருவர் கக்கூசுக்கு, ஒருவர் கோழிக்கூட்டுக்கு, றவூப் குசினிக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுவார். மண்ணை மீன் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளம் பார்த்துக் கொட்டிவிட்டு வருவார். “இம்புட்டுப் பெரிய பண்ட்டுக்கு எங்கட ஒரு குசினி என்னத்தச் செய்யப்போகுது?” என்பார். தோட்டத்தில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அதுதானே வினை!

ஸைனம்பு வந்து கசிவைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். “அல்லாவே! ஆரிட்டயும் செல்லிட்டியா?”

“இல்ல தாத்தா.” றவூபின் அக்காவை அவள் தாத்தா என்றுதான் அழைப்பாள்.

“செல்லவும் வாணாம். பண்ட்ட வெட்டி ஈக்கிற குசினியக் கண்டாங்கன்டா ஊட்டையே ஒடச்சிப் போடுவாங்க. நீ இத்தா, மகள் புள்ளப்பெத்தவ. ரெண்டு பேரும் எங்க பெய்த்து ஈக்கிய?”

கேள்வி நியாயமானதுதான். ஸைனம்புவே தன் வீட்டிலிருந்து அரைப் பை சீமெந்து கொண்டுவந்து குழைத்து, வெடிப்பில் அப்பி, கையால் தடவி வழுவழுப்பாக்கி, மேலே ஒரு கலண்டரையும் தொங்கவிட்டாள். என்ன கெட்டிக்காரத்தனம்! கலண்டரைப் பார்த்து ஆறு திரும்பிப் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

மறுநாள் காலையில் சீமெந்து கல்லுப்போல இருந்தது. தண்ணீர் மட்டும் இடம் மாறி, சுவரின் அடியில், நிலத்தோடு சேரும் மூலையில் புதிதாக ஒரு வழி பார்த்திருந்தது. இப்போது அது கசிவல்ல, விரல் தடிப்பில் ஊற்று. நிறமும் பால் விடாத தேத்தண்ணீரின் நிறம். ஜவாஹிறா பேசின் ஒன்றைச் சரித்து வைத்துப் பிடித்தாள். நிறைந்ததும் பார்த்தாள், அடியில் மண் படிந்திருந்தது. மலைநாட்டில் இன்னும் மழை என்று வானொலி சொன்னது. தோட்டத்து ஆண்கள் பண்ட்டின் மேல் ஏறி நின்று ஆற்றைப் பார்ப்பதும், இறங்கிவந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேநீர் குடிப்பதுமாக இருந்தார்கள்.

பகல் பத்து மணி இருக்கும். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு நீர்ப்பாசனத்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் குடையோடு பள்ளிவாசல் நிர்வாகி பதியுதீன் ஹாஜியார். அவருக்குப் பக்கத்தில் எஞ்சினியர் கனகசபாபதி, வெள்ளவத்தையில் இருக்கிற யாழ்ப்பாணத்து மனுஷன். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு. ஜவாஹிறாவின் வாசல் சீலைக்கு முன்னால் அவர்கள் நின்றது உள்ளே நன்றாகத் தெரிந்தது.

“சேர், இது இத்தா வீடு. ஆம்பிளயள் உள்ளுக்குப் போக ஏலா,” என்றார் பதியுதீன்.

“ஐயோ, தெரியேல்லை ஹாஜியார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” அவர் ஓரடி பின்னால் போனதும் தெரிந்தது. நல்ல மனுஷன். வேறொருவர் என்றால் சீலையை விலக்கிவிட்டு நுழைந்திருப்பார். நல்ல மனுஷர்களால் வருகிற கேடு இருக்கிறதே! “தண்ணி ஏதும் வருதோ எண்டு மட்டும் கேளுங்கோவன். தெளிஞ்சு வந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கி, மண்ணோடை வந்தால் பண்ட் உள்ளுக்குள்ளை கரையுது எண்டு அர்த்தம். பிறகு மணித்தியாலக் கணக்குத்தான். இந்த ஒரு இடம் உடைஞ்சால் கிராண்ட்பாஸ் முழுக்கத் தண்ணிக்கை.”

“ஸைனம்பு! உள்ளுக்குத் தண்ணி ஏதும் வருதா?” என்று பதியுதீன் குரல் கொடுத்தார்.

“ஒரு சொட்டு இல்ல ஹாஜியார்!” என்றாள், காலையிலேயே வந்து உள்ளே இருந்த ஸைனம்பு. சொல்லிக்கொண்டே ஜவாஹிறாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். ஸைனம்பு பொல்லாதவள் அல்ல. தம்பி கட்டின வீடு, தம்பி பெண்சாதியின் மானம், இந்த இரண்டையும் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜவாஹிறா அறைக்குள் பார்த்தாள். ஹபீலா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏணைக்குள் குழந்தை ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துப் பாசம் பொங்கியது என்று சொன்னால் பொய். பயம்கூட வரவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தால் சட்டியை இறக்க ஓடுவோமே, அப்படித்தான் இருந்தது. வெளியே சப்பாத்துச் சத்தம் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் மணிக்கட்டை உருவிக்கொண்டு குசினிக்குப் போனாள், நிறைந்திருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வாசல் சீலைக்குக் கீழால் சளார் என்று ஊற்றினாள். படியால் இறங்கிய கலங்கல் நேரே போய்க் கனகசபாபதியின் சப்பாத்தைச் சுற்றி ஓடியது.

அவர் குனிந்தார். படியில் தங்கிய மண்ணை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சீலையைப் பார்த்து, மிக மெல்ல, “அம்மா, இது குசினிக்குள்ளை இருந்தோ?” என்று கேட்டார். காலியான பேசின் மட்டும் சீலைக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் படுக்கை விரிப்புகளை இரண்டு பக்கமும் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஹபீலாவும் குழந்தையும் முதலில் அதற்குள்ளால் பள்ளிவாசல் மண்டபத்துக்குப் போனார்கள். கனகசபாபதி குசினிக்குள் நின்று கலண்டரைக் கழற்றினார், சீமெந்துப் பூச்சைப் பார்த்தார், ஒன்றும் ஏசவில்லை. “இதை அடைச்சதாலைதான் மற்றப் பக்கத்தாலை வெடிச்சிருக்கு. தண்ணியை விடவேணும், மண்ணைத்தான் பிடிக்கவேணும். குசினி முழுக்க மணலும் கல்லும் போட்டு நிரப்பப்போறம் ஹாஜியார். பிறகு இந்த வீடு...” என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிவிட்டார். விழுங்கியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். “வெலி கேன்ன, இக்மனட்ட!” என்று மணலை விரைவாகக் கொண்டுவரச் சொல்லி வெளியே கத்தினார். லொறியிலிருந்து குசினிப் பக்கக் கதவுவரை ஆட்கள் வரிசையாக நின்று மணலை இரும்புத் தாச்சிகளில் அள்ளிக் கைமாற்றினார்கள்.

ஜவாஹிறா மறைப்புக்குள் இறங்கியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் நடு அறைக்கு அப்பால் குசினி தெரியும். ஆற்று மணல் விழுந்து விழுந்து தேங்காய் துருவுகிற பலகையை மூடியது, அம்மியை மூடியது, அடுப்புக் கல்லை மூடியது. றவூப் வெட்டியெடுத்த இடம் முழுக்க அவள் கண்முன்னே நிரம்பிக்கொண்டு வந்தது. அவரை மூடியதை அவள் பார்க்கவில்லை. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆண்கள் திரும்பிவந்து கால் கழுவியதைத்தான் பார்த்தாள். குழிக்குள் வைத்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் மும்மூன்று பிடி மண் போடுவார்களாம், கேள்விப்பட்டதுதான். தன் பங்கு போடப்படவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்சுக்குள் எங்கேயோ வலித்தது. முதலில் அது வலி என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

“கொஞ்சம் நிப்பாட்டுங்க,” என்றாள்.

கரகரத்த குரல். அத்தனை ஆண்களும் கேட்டார்கள். பதியுதீன் தலையைக் குனிந்துகொண்டார். கனகசபாபதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ சொல்ல, தாச்சிகள் நின்றன. ஜவாஹிறா உள்ளே போய்க் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இன்னொரு பிடி போட்டாள். ஸைனம்பு பின்னாலேயே வந்து குசினி வாசலோடு ஒட்டி நின்றாள், இந்தத் தடவை கையைப் பிடிக்க வரவில்லை.

மூன்றாவது பிடியை அள்ளியவள் போடவில்லை. மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். இறுக்க இறுக்க விரலிடுக்குகளால் ஈர மணல் பிதுங்கி வெள்ளைச் சேலையில் வழிந்தது. ஆட்கள் தாச்சிகளை ஏந்தியபடி காத்திருந்தார்கள்.